வாயுவில் போனவர்கள்

இளம் டாக்டர்களே, மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் எப்போது பார்க்க வேண்டும் என்று உங்களில் யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். முதல் நாளே பார், தவறவிட்டால் இரண்டு மூன்று மாதம் பொறு. பரீட்சையில் இதற்கு மார்க் உண்டு. நான் கேட்கப்போவது பரீட்சையில் வராத கேள்வி. மூன்றாவது வாரத்தில் யாரோ பார்த்துவிட்டார்கள். ‘நார்மல்’ என்று தாள் வந்துவிட்டது. அந்தத் தாளை நோயாளியின் மச்சான் கட்சிக்கொடி மாதிரி பிடித்துக்கொண்டு உங்கள் ஓ.பி.க்குள் நுழைகிறான். இப்போது என்ன செய்வீர்கள்?

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பெரம்பலூர் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தேன். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். கேஸ் கொஞ்சம் முரண்டு பிடித்தால் “திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்வதுதான் எங்களிடம் இருந்த முக்கியமான சிகிச்சை. அதில் நான் கைதேர்ந்தவன்.

அந்தச் சிகிச்சை பலிக்காத ஒரு நாளில் வந்து சேர்ந்தவர்தான் பெரியசாமி. அரும்பாவூர்ப் பக்கத்துக் கிணறு வெட்டு மேஸ்திரி. நாற்பத்திரண்டு வயது. முருங்கைக் கொம்புக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி உடம்பு. மாசி மாதத்துக் காலையில் டிராக்டர் பெட்டியில் வைக்கோல் மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நெஞ்சை அடைத்து நேரமாகியிருந்தது. அதற்குள் இஞ்சிச் சாறு, பெருங்காயத் தண்ணீர், கோலி சோடா மூன்றும் உள்ளே போயிருந்தன. வாயுவாம். ஈ.சி.ஜி. மாரடைப்பு என்றது. இருந்த நிலையில் அவரை பஸ் ரோட்டில் குலுக்கிக்கொண்டு திருச்சிக்கு அனுப்பினால் பாடாலூர் தாண்டமாட்டார். சரி, இங்கேயே பார்ப்போம் என்று ஊசி போட்டு, ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு அவர் நெஞ்சின் மேல் குனிந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். என் காதில் பெரியசாமியின் இதயம் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் தாளம் தப்பி. பதற்றத்தில் இருக்கும் ஒரு பெண் கேட்டால் நல்ல டாக்டர் என்ன செய்வான்? தலையாட்டுவான். நானும் ஆட்டினேன்.

தம்பிகளே, தங்கைகளே, ஸ்டெதஸ்கோப் காதில் இருக்கும்போது தலையாட்டாதீர்கள். கழுத்தை ஏதாவது ஒரு பட்டி போட்டுக் கட்டிக்கொண்டாலும் தப்பில்லை.

பெரியசாமி பிழைத்துக்கொண்டார். அவர் உடம்பு, ஊசி மருந்து, செட்டிகுளத்து முருகன், கடைசியாக நான் என்ற வரிசையில் அந்தக் குடும்பம் நன்றி சொன்னது. வரிசை சரிதான். படுக்கையில் இருந்த நாளிலேயே அவர் பீடியைப் பற்றி இரண்டு முறை விசாரித்தார் என்பதைத் தவிர வார்டில் தொந்தரவு ஒன்றுமில்லை. ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் ஓ.பி.யில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தபோது அந்தத் தாள் வந்தது. பிடித்துக்கொண்டு வந்தவன் அஞ்சலையின் தம்பி ரத்தினம். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கிழித்த துணியைத் திருப்பி வாங்க முடியாது என்று அடித்துப் பேசிப் பழகிய குரல்.

“சார், எங்க கடைக்கு எதுத்தாப்புல லேப் இருக்கு. மாமாவ நானே கூட்டிட்டுப் போயி ரத்தம் குடுக்க வச்சேன். கொழுப்பு நார்மல்!”

வாங்கிப் பார்த்தேன். நூற்று எழுபத்தெட்டு. பக்கத்தில் நூற்றைம்பது முதல் இருநூற்றைம்பது வரை இயல்பு என்று அச்சடித்திருந்தது. அந்தக் காலத்து அளவு அது. அப்போது எங்களுக்குத் தாராள மனசு.

“நான் அன்னைக்கே சொன்னேன்,” என்றார் அஞ்சலை. “இவருக்குக் கொழுப்பு வாயில மட்டுந்தான். ரத்தத்துக்கு எங்க போவும்?”

“பாத்தீங்களா சார், ஆஸ்பத்திரின்னுகூடப் பாக்காம,” என்று பெரியசாமி சிரித்தார். சிரிக்கும்போது சட்டைப் பைக்குள் ஒரு புதுப் பீடிக்கட்டு லேசாக எட்டிப் பார்த்தது.

“அப்ப இது அட்டாக்கே இல்ல. வெறும் வாயு. அப்படித்தான சார்?” என்றான் ரத்தினம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை வந்த காரியத்தைச் சொல்லிவிட்டார். “உத்திரத்துக்கு இன்னும் எட்டு நாளுதான் இருக்கு சார். காவடிக்குச் சொல்லியாச்சு. அவரு காலாலயே செட்டிகுளம் மலை ஏறிக் காவடி எடுப்பாருன்னு உங்க முன்னாடிதான வேண்டுனேன்? ‘எடுக்கலாம்ல சார்’னு கேட்டேன். நீங்கதான தலையாட்டுனீங்க?”

இப்படித்தான் என் தலையாட்டல் எனக்கே தெரிய வந்தது.

பங்குனி வெயிலில், இதயத்தில் ஆறாத காயத்தோடு, தோளில் காவடியோடு, வெறுங்காலில் மலைப்படி. எட்டு நாளில். வெளியே வரிசை இருமிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் நம் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக நிற்கும்: “மெதுவா, பாத்துப் போயிட்டு வாங்க.” கேட்பவருக்குச் சந்தோஷம், சொல்பவருக்கும் பொறுப்பில்லை. ‘பாத்துப் போங்க’ என்பது தமிழில் இருப்பதிலேயே மரியாதையான கைகழுவல். அந்த வாக்கியத்தை அன்று நான் விழுங்கினேன்.

“காவடி வேண்டாம்,” என்றேன். “இந்தத் தாளை நம்ப முடியாது.”

“மெஷினு பொய் சொல்லுதுங்களா?”

“மெஷின் உண்மையத்தான் சொல்லுது. நீ கேட்ட நேரம் தப்பு.”

என் பேராசிரியர் ஒருவர் வார்டு ரவுண்டில் இதைச் சொல்லும் விதமே தனி. “மாரடைப்பு வந்த மூணாம் வாரம் கொலஸ்ட்ரால் பாக்கறவன், எழவு வீட்டுல போயி வருமானம் கேக்கறவன்யா. அங்க எவன் சரியாச் சொல்லுவான்?” என்பார். இதயம் அடிபட்டதும் உடம்பு மொத்தமும் துக்கம் காக்கிறது. ரத்தத்துக் கொழுப்பு ஓரிரு நாளில் இறங்க ஆரம்பித்து வாரக்கணக்கில் கீழேயே கிடக்கும். பிறகுதான் பழைய இடத்துக்கு ஏறும். இடையில் எடுக்கிற எண் துக்க வீட்டுப் பேச்சு.

ஆனால் பிழைத்து எழுந்தவர் முன்னால் எழவு வீட்டு உதாரணத்தை எடுக்க முடியுமா? விஞ்ஞானமாகச் சொல்லலாம் என்று, கொழுப்பை உண்டாக்குகிற கல்லீரலில் இருந்து ஆரம்பித்தேன். “ஐயோ, இப்ப ஈரலும் போச்சா?” என்றான் ரத்தினம். அதோடு விஞ்ஞானம் முடிந்தது.

பெரியசாமியைப் பார்த்துக் கேட்டேன். “மேஸ்திரி, ராத்திரி பூரா மோட்டார் ஓடியிருக்கு. விடியக்காலைல கெணத்த எட்டிப் பாத்து, ‘இதுல தண்ணி இவ்வளவுதான்’னு எழுதிக் குடுப்பீங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது எப்படி சார்? ஊறணும்ல.”

“அதேதான். உங்க ரத்தத்துல கொழுப்பு இப்ப எறங்கிக் கெடக்கு. ஊறட்டும். அப்புறம் அளப்போம்.”

அவர் ரத்தினத்தின் கையில் இருந்த தாளை வாங்கி ஒருமுறை பார்த்து மடித்தார். தொழிலில் ஏமாற்ற வந்த தரகனைப் பார்க்கிற பார்வை. எனக்கு வென்றுவிட்ட நினைப்பு. அஞ்சலை விடவில்லை.

“கெணறு ஊறட்டும் சார், வேணாங்கல. அதுவரைக்கும் முருகன் காத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரா? குடுத்த வாக்கு என்னாவுறது? வாக்குத் தவறி இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

இதற்குக் கிணற்றில் பதில் இல்லை. அந்தப் பெண்ணின் பயமும் என் பயமும் ஒன்றுதான்: இவர் செத்துவிடக் கூடாது. ஏறினால் சாவார் என்பது என் கட்சி. ஏறாவிட்டால் சாவார் என்பது அவர் கட்சி. அவர் கட்சியில் சாமி இருந்தார். என் கட்சியில் நான் மட்டும்.

பெரியசாமியின் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் அவர் மேல் விழுந்திருந்தது. கண் இமையின் உள்மூலையில், மூக்கை ஒட்டி, மஞ்சளாக ஒரு மேடு. இரண்டு கண்ணிலும். வெண்ணெயைத் தொட்டு வைத்த மாதிரி.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“அதுவா? அது மச்சம் சார்,” என்றார் அஞ்சலை, குரலில் ஒரு பெருமையோடு. “ராசியான மச்சம். இவங்க வம்சத்துக்கே உண்டு. மாமனாருக்கு இருந்துச்சு, இவங்க அண்ணன் பெரியவருக்கு இருந்துச்சு. அதப் பாத்துட்டுதான் எங்கப்பா பொண்ணே குடுத்தாரு.”

படிக்கிற காலத்தில் அந்த மச்சத்துக்கு வாயில் நுழையாத கிரேக்கப் பெயர் ஒன்றை மனப்பாடம் செய்திருந்தேன். தோலுக்கு அடியில் சேர்ந்த கொழுப்பு அது. எல்லோருக்கும் அது கெட்ட சேதி அல்ல. நாற்பது வயதில், மாரடைப்போடு, வம்சம் முழுக்க என்றால் நல்ல சேதியும் அல்ல. முதல் நாளே நான் வழக்கமான கேள்வியைக் கேட்டிருந்தேன், “குடும்பத்துல யாருக்காச்சும் மாரடைப்பு உண்டா?” என்று. “எங்க வம்சத்துல அந்தப் பேச்சே கெடையாது” என்று சொன்னார்கள். பொய் இல்லை. அந்தப் பேச்சுதான் கிடையாது.

“உங்க மாமனார் எதுல போனாரு?” என்று இப்போது வேறு மாதிரி கேட்டேன்.

“அவரு போயி ரொம்ப நாளாச்சுங்க. வாயுதான். காலைல டீக்கடையில ஒக்காந்திருந்தவரு, நெஞ்ச அடைக்குதுன்னாரு. அவ்வளவுதான்.”

“அப்ப என்ன வயசு இருக்கும்?”

“இவரு வயசுதான்,” என்றார் பெரியசாமி பக்கம் கை காட்டி.

“பெரியவரு?”

“அவரு மவ நிச்சயதார்த்தத்தப்ப. பந்தியில ஒக்காந்தாரு, எந்திரிக்கல. வாழைக்கா வறுவல் ஆவல, வாயுன்னு சொன்னாங்க.”

“வேற யாராச்சும் வாயுல?”

“இவங்க சித்தப்பா ஒருத்தரு. கெணத்து மேட்டுல கயிறு இழுத்துக்கிட்டு இருந்தவரு, அப்படியே... அதுவும் வா...”

நிறுத்திவிட்டார். சொல்லின் பாதி வாயிலேயே நின்றது. விரல் மடித்து எண்ணிக்கொண்டு வந்த கையும் நின்றது.

நான் மெதுவாகக் கேட்டேன். “இவங்க மூணு பேருக்கும் அந்த மச்சம் இருந்துச்சாம்மா?”

அஞ்சலை புருஷனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த முகத்தை, முதல்முறை பார்ப்பதுபோல.

பெரியசாமிதான் பேசினார். “எங்க வூட்டு ஆம்பளைங்க யாரும் அம்பதப் பாத்ததில்ல சார். நான் அத சாமி குத்தம்னு நெனச்சிருந்தேன்.”

“சாமி குத்தம் இல்ல. அந்த வாயுவுக்கு எங்க பாஷையில வேற பேரு. அந்த மச்சம் அதோட ஒறவு. நீங்க அம்பதப் பாக்கணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். நீங்களும் முடிவு பண்ணணும்.”

இந்த வசனத்தை நான் இவ்வளவு கம்பீரமாகச் சொன்னேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. என் குரல் கம்பீரத்துக்குப் பேர் போனதல்ல. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

வழியைக் கண்டுபிடித்தவர் அஞ்சலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவர் மாதிரி, “மஞ்சத்துணியில காசு முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சுடறேன்,” என்றார். “அடுத்த உத்திரத்துக்குத் தர்றோம்னு சொல்லிடுவோம். முடியாதவங்களுக்கு அப்படி உண்டு. அதுக்குள்ள ஏற வச்சுடுவீங்களா?”

“பாக்கறேன்.”

“பாக்கறேன்லாம் வேணாம் சார்.”

“ஏற வைக்கிறேன்.”

“அப்ப நீங்களும் ஒரு காசு போடுங்க. நீங்கதான சாட்சி, தலையாட்டுனவரு.”

சாமி விஷயத்தில் நான் எந்தக் கட்சி என்று எனக்கே அவ்வளவு தெளிவில்லை. ஆனால் எந்தக் கோர்ட்டிலும் வாய்தா கிடைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் இருந்த நாலணாவைக் கொடுத்தேன். பெரியசாமி தன் சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டை எடுக்கவில்லை. அஞ்சலை எடுத்தார்.

அடுத்த வாரமே பெரியசாமியின் தம்பியையும் இறந்த அண்ணனின் மகனையும் அஞ்சலை கையோடு இழுத்துக்கொண்டு வந்து என் மேஜை முன்னால் நிறுத்தினார். “இவனுக்கும் மச்சம் இருக்கு, இவனுக்கு இல்ல, ரெண்டு பேரையும் பாருங்க.” இதைவிடச் சுருக்கமான குடும்ப வரலாற்றை நான் எந்தக் கேஸ் ஷீட்டிலும் படித்ததில்லை.

ஆடி பிறந்ததும் கிணற்றை அளக்க நாள் குறித்தேன். “காலைல விரதமா வாங்க” என்று சொல்லியனுப்பினேன். தமிழ் தெரிந்தவன் செய்யக் கூடாத தவறு. குறித்த நாளில் பெரியசாமி நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். ரத்தம் எடுத்தோம். கொஞ்ச நேரத்தில் எங்கள் லேப் டெக்னீஷியன் காதர் பாய் சோதனைக் குழாயோடு என் அறைக்கு வந்தார். ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீர் பழுப்பு மஞ்சளாக இருக்க வேண்டும். இது வெள்ளை வெளேரென்று இருந்தது.

“சார், இத கலரிமீட்டர்ல வைக்கிறதா, டிகாஷன்ல ஊத்துறதா?” என்றார் பாய்.

பெரியசாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “என்ன சாப்ட்டீங்க?”

“ஒண்ணும் சாப்புடல சார். விரதம்னு சொன்னீங்களே. சோறு கையால தொடல.”

“வேற?”

“விரதத்துக்கு உள்ளதுதான். ஒரு சொம்பு பால், ரெண்டு பழம், பஞ்சாமிர்தம். அப்புறம் நெய் விட்டுக் கொஞ்சம் கேசரி.”

மொத்தக் கொலஸ்ட்ராலுக்கு வெறும் வயிறு அவ்வளவு முக்கியமில்லையே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. பால் மாதிரி கலங்கிய தெளிநீரை, நிறத்தை வைத்து அளக்கும் கலரிமீட்டரில் வைத்துப் பாருங்கள், அது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். ஏற்கெனவே ஒரு தப்புத் தாளோடு மல்லுக்கட்டியவன் இன்னொரு தாளை எழுதுவேனா? திருப்பி அனுப்பினேன். இந்தமுறை விரதம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. “ராத்திரி சோறு சாப்ட்டப்புறம், காலைல ரத்தம் குடுக்கற வரைக்கும், பச்சத் தண்ணியத் தவிர எதுவும் வாய்ல படக் கூடாது. சாமி குடுத்தாலும்.”

மறுபடி வந்தார். தெளிநீர் தெளிவாக இருந்தது. பாய் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் தாளைக் கொடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

பெரியசாமிக்கு எண்கள் படிக்க வரும். வாங்கிப் பார்த்தார். சட்டைக்குள்ளிருந்து, பத்திரமாக மடித்து வைத்திருந்த திருச்சித் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “ஊறிடுச்சு சார்.”

இன்று நீங்கள் எழுதிக் கொடுக்கிற மாத்திரைகள் அன்று இல்லை. இருந்த ஒன்றிரண்டும் பெரம்பலூர் வரை பஸ் ஏறி வருவதில்லை. பிறகு அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று கேட்கலாம். பயமுறுத்தினேன். வேறு மருந்து இல்லாதபோது அதுவும் மருந்துதான், அளவோடு கொடுத்தால். அவருக்கு ரத்த அழுத்தமும் கூடியிருந்தது; அதற்கு மாத்திரை இருந்தது, கொடுத்தேன். ஆட்டுக் குடலுக்கும் தலைக்கறிக்கும் தடை போட்டேன். பீடிக்கு நான் போட்ட தடை ஒரு வாரம் நின்றது. அஞ்சலை போட்ட தடை நிலைத்தது. புருஷனின் சட்டைகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் பைகளின் வாயைத் தைத்துவிட்டார். ஊரில் கேலி செய்தார்கள். “எங்க வூட்டு ராசி அப்படி” என்று பெரியசாமி பதில் சொன்னாராம்.

நார்மல் என்ற அந்த முதல் தாள் மட்டும் நின்றிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. வாயு என்று பேர் வைத்து, பீடி பற்றவைத்து, காவடி தூக்கியிருப்பார்.

வருடம் திரும்பியது. உத்திரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி மாடிப்படியில் அவரை ஏறி இறங்கச் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன். ஒருநாள் விட்டு மறுபடி பார்த்தேன். பிறகுதான் சம்மதம் சொன்னேன், வாய் திறந்து, தலையை ஆட்டாமல். வெயிலுக்கு முன்னால் ஏற வேண்டும், கனமில்லாத காவடி, உட்கார்ந்து உட்கார்ந்துதான் போக வேண்டும், வலித்தால் இறங்கிவிட வேண்டும். அஞ்சலை எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டு இன்னொரு நிபந்தனை சேர்த்தார்: முடிந்து வைத்த காசில் என்னுடையதும் இருக்கிறது, அதனால் நானும் வர வேண்டும்.

செட்டிகுளத்துக்குப் போனேன். விடியலில் மேளமும் கூட்டமுமாக இருந்தது. பெரியசாமி காவடியோடு, நான் சொல்லிக்கொடுத்தபடி, நிதானமாக ஏறினார். நான் அவருக்குத் துணையாகப் பின்னால். ஏதாவது ஆகிவிட்டால் கொடுக்க நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் கையில் இருந்தது. பாதி மலையில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படியில் உட்கார்ந்தேன். நெஞ்சு எரிகிற மாதிரி இருந்தது; காலையில் வழியில் தின்ற மெதுவடையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேலே போய்க்கொண்டிருந்த பெரியசாமி நின்றார். காவடியைத் தோளில் வைத்தபடியே திரும்பி, இரண்டு படி இறங்கி வந்தார். மஞ்சள் மேடு இருந்த அந்தக் கண்களால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன சார்,” என்றார், “வாயுங்களா?”

மறுவாரம் காதர் பாயிடம் என் கையை நீட்டினேன். முதல் நாள் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் படவில்லை.